அடுத்த நொடி

“இந்த வாரம் எதையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தீங்களா சிஸ்டர்?”

மடிக்கணினித் திரையிலிருந்து அருள்தாஸ் கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அங்கயற்கண்ணி கண்ணை மூடி வாரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

“ஆரப்பாளையத்துல பஸ்ஸுக்கு நின்னேன் சார்.”

“பஸ் வரலையேன்னு தவிப்பா இருந்துச்சா?”

“இல்ல. நின்னேன். வந்துச்சு. ஏறினேன்.”

“கலர் விளையாட்டு ஞாபகம் வருதா?”

“ஞாபகம் இருக்கு. ஆசை இல்ல.”

அருள்தாஸ் தலையாட்டிக்கொண்டே எதையோ தட்டினார். சூதாட்டத்தில் விழுந்தவர்களுக்கு இணையவழியாகச் சிகிச்சை தருகிற ஒரு நிறுவனத்தில் அவர் ஆலோசகர். சென்னையில் எங்கோ ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவார். மதுரையில் இருக்கும் அவளை நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவள் இடது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிகிச்சை வில்லையின் வீரியத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில்தான் இருந்தது.

“ரொம்ப நல்ல முன்னேற்றம்,” என்றார்.

“சரிங்க சார்,” என்றாள். பாராட்டு காதில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

அங்கயற்கண்ணி ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். வேலையில் பெயரெடுத்தவள். கண்ணி சிஸ்டர் டூட்டியில் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கருவி எச்சரிப்பதற்கு முன்பே அவளுக்கு ஏதோ உறுத்தும். கட்டிலில் கிடக்கிற பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள், வயிற்றில் கை வைப்பாள், டாக்டரைக் கூப்பிடுவாள். பெரும்பாலும் அவள் கூப்பிட்டது சரியாகவே இருந்தது.

அந்த நர்ஸ்தான் போனில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு, சிவப்பா பச்சையா ஊதாவா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரசாங்கம் ஒரு பெயரில் தடுத்தால் அந்த விளையாட்டு இன்னொரு பெயரில் வந்தது. முதலில் டீ இடைவேளையில் ஆடினாள். பிறகு பஸ்ஸில், பிறகு குளியலறையில். மகளுக்கென்று சேர்த்த நகை போயிற்று. கடைசியில் நர்ஸ்கள் சேர்ந்து போட்டு வந்த சீட்டுப் பணத்தில் கை வைத்தாள். அது தெரியவந்தபோது நிர்வாகம் இரண்டு வழி சொன்னது. ஒன்று போலீஸ். இல்லையென்றால் வில்லையை ஒட்டிக்கொண்டு சிகிச்சை, வேலையும் தொடரலாம். மின்பேருந்து டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன் திருமேனி நிர்வாகியின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். “சிகிச்சைக்கே போ,” என்று மட்டும் சொன்னான்.

முதல் சந்திப்பில் அருள்தாஸ் பொறுமையாக விளக்கினார்.

“ஜெயிக்கிறதுலதான் போதைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படின்னா தோத்ததும் விட்டிருப்பீங்களே. சுத்துற வட்டம் நிக்கிறதுக்கு முந்தி ஒரு நொடி இருக்கு பாருங்க, என்ன வருமோங்கிற நொடி. அதுக்காகத்தான் கை போகுது. இந்த வில்லை அந்த நொடியைத் தட்டையாக்கிடும். அடுத்து எது வந்தாலும் மூளைக்கு ஒண்ணுதான்னு ஆயிடும்.”

“வலிக்குமா சார்?”

“வலிக்கவே வலிக்காது.”

அவர் பொய் சொல்லவில்லை. ஒட்டிய சில நாட்களில் அவள் விளையாட்டைத் திறந்து பார்த்தாள். வட்டம் சுற்றியது, நின்றது, ஊதா வந்தது. மின்விசிறியைப் பார்ப்பதுபோல் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அன்று அழுதிருக்க வேண்டும், சந்தோஷத்தில். அழுகை வரவில்லை.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகத் தட்டையாயின. தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகியின் கழுத்துக்கு நேராகக் கத்தி வருகிற இடத்தில் ‘தொடரும்’ போடுவார்கள். அவள் எழுந்து போய் அரிசி களைவாள். குக்கரில் எத்தனை விசில் என்று எண்ணுவாள், ஆனால் அடுத்த விசிலுக்குக் காது கொடுக்க மாட்டாள். பாட்டுக் கேட்டால் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. யாரும் குறை சொல்லவில்லை. வீட்டில் சமையல் நடந்தது, சம்பளம் வந்தது, போன் மேசைமேல் தீண்டுவாரற்றுக் கிடந்தது. திருமேனி அக்கம்பக்கத்தில், “இப்ப நல்லா ஆயிட்டா,” என்று சொன்னான். அது அவள் காதிலும் விழுந்தது. நல்லா ஆனவள் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மகள் மதிவதனி ஒன்பதாம் வகுப்பு. டியூஷன் விட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் வரவில்லை. வேலை முடிந்து வந்த திருமேனி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

“வதனி எங்க?”

“இன்னும் வரல.”

“வரலையா? டியூஷன் மிஸ்ஸுக்குப் போன் போட்டியா?”

“போடல.”

“போடலையா? என்ன நீ, பொம்பளப்பிள்ள…” என்றவன் பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் ஓடினான். அவள் அவரைக்காயை நறுக்கி முடித்தாள்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடி கேட்டது. வதனி இறங்கி வந்தாள். பள்ளிப்பை தோளிலேயே இருந்தது.

“மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்,” என்றாள். “நீ வாசலுக்காவது வர்றியான்னு பாத்துக்கிட்டு.”

“நான் வரலையே,” என்றாள் அங்கயற்கண்ணி. அதுதான் நடந்தது, அதைச் சொன்னாள்.

வதனி பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். “பரவாயில்லம்மா. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடுறேன்.”

இந்த இடத்தில் நெஞ்சில் ஏதாவது குத்த வேண்டும் என்று அங்கயற்கண்ணிக்குத் தெரிந்தது. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல் உள்ளே தட்டிப் பார்த்தாள். தட்டுகிற கை மட்டும் தெரிந்தது. மகள் சாப்பிடுவதற்குத் தட்டை எடுத்து வைத்தாள்.

பாண்டிமீனா பிரசவத்துக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். முதல் பிரசவம், நல்ல திடகாத்திரம். கூட வந்த அவள் அம்மா, பழைய நூல்சேலை ஒன்றைத் துவைத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். பிள்ளையை அதில்தான் வாங்க வேண்டும் என்று நர்ஸ்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

மதியத்துக்கு மேல் பாண்டிமீனா புரள ஆரம்பித்தாள். “என்னமோ பண்ணுது சிஸ்டர்,” என்றாள். “வலி விட்டு விட்டுத்தானே வரும்னாங்க? விடவே மாட்டேங்குது.”

அங்கயற்கண்ணி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். கல்லாக இருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு திரையில் கொஞ்சம் இறங்கி, அனுமதித்த எல்லைக்குள்ளேயே நின்றது. கருவி எச்சரிக்கவில்லை. விதிப்படி அடுத்து எப்போது பார்க்க வேண்டுமோ அப்போது வந்து பார்த்தாள். அப்போதும் எல்லைக்குள் இருந்தது. ‘நோயாளி பதற்றமாக உள்ளார்’ என்று பதிந்தாள். கூட இருந்த இளம் நர்ஸ் ஸ்டெல்லா, “டாக்டரக் கூப்பிடவாக்கா?” என்று கேட்டாள். அவளும் அங்கயற்கண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லாததால் தானே சமாதானமாகிப் போனாள்.

கருவி அலறியபோது எல்லாரும் ஓடி வந்தார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டிருந்தது. அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்த் தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை இல்லை.

விசாரணையில் நிர்வாகம் எல்லாப் பதிவையும் பார்த்தது. எது எப்போது செய்யப்பட வேண்டுமோ அது அப்போது செய்யப்பட்டிருந்தது. யார்மேலும் தவறில்லை என்று முடித்தார்கள். வெளியே வரும்போது டாக்டர் வசுந்தரா அவளைத் தாழ்வாரத்தில் ஓரமாக நிறுத்தினார். பல வருடம் அவளோடு வேலை பார்த்தவர்.

“கண்ணி, பழைய மாதிரின்னா என்னைக் கூப்பிட்டிருப்பீங்க, இல்ல?”

“கூப்பிட்டிருப்பேன் டாக்டர்.”

“இப்ப ஏன் கூப்பிடல?”

“பயம் வரல டாக்டர்.”

வசுந்தராவின் கண் அவள் காதுப்பக்கம் போய்த் திரும்பியது. அவர் நடந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அருள்தாஸ் தன் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அவள் பேசினாள்.

“சார், வில்லையைக் குறைக்கணும்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “விளையாடணும்னு தோணுதா?”

“இல்ல.”

“கழட்டிடணும்னு ஆசையா இருக்கா?”

“எனக்கு எந்த ஆசையும் இல்ல சார்.” பாண்டிமீனாவைப் பற்றிச் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்ற கதையைச் சொன்ன அதே குரலில் சொன்னாள். “பயப்படத் தெரியாத ஆள் பிரசவ வார்டுல இருக்கக் கூடாது. யோசிச்சுப் பாத்தா அப்படித்தான் வருது. அதான் கேக்குறேன்.”

அருள்தாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள நேரமாயிற்று.

“நோயாளியே மனசார விரும்பிக் கேட்டாத்தான் குறைக்கலாம்னு விதி. அந்த விருப்பம் எவ்வளவுன்னு வில்லையே அளந்து எனக்குக் காட்டும். இப்ப உங்களுக்கு விருப்பம் ஏறினா, நோய் திரும்புதுன்னு காட்டும். ஏறலைன்னா, நோயாளிக்கு விருப்பமில்லைன்னு காட்டும்.”

“அப்ப யாருக்குமே குறைக்க முடியாதா?”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சிஸ்டர்.” அவர் குரல் இறங்கியது. “வருஷா வருஷம் அறிக்கையில அதைப் பெருமையாப் போடுறோம். ஒருத்தர்கூடக் குறைக்கச் சொல்லல, எல்லாருக்கும் திருப்தின்னு. நானே எழுதிக் கொடுத்திருக்கேன்.”

 அவர் திரையில் எதையோ மேலும் கீழும் தேடினார்.

“ஒரு விலக்கு இருக்கு,” என்றார் பிறகு. “லாரி ஓட்டுறவங்களுக்காக வச்சது. ரோட்டுல குறுக்க என்ன வரும்னு தோணாம வண்டி ஓட்ட முடியாதே. வேலை இடத்துக்குள்ள மட்டும் வில்லை சும்மா இருக்கும். வெளிய வந்ததும் தானா ஆரம்பிச்சுடும். உங்க வார்டுக்குள்ள போன் கொண்டு போறீங்களா?”

“கூடாது சார். வெளிய லாக்கர்ல வச்சிட்டுத்தான் போகணும்.”

“அப்ப செய்யலாம். வார்டுக் கதவுதான் எல்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலைன்னு எழுதுறேன், ஒத்துக்குவாங்க.” கொஞ்சம் தயங்கினார். “வீட்டுக்கும் கேட்டுப் பாக்கவா?”

“வீட்டுல போன் இருக்கு சார்,” என்றாள்.

அனுமதி வந்த பிறகு முதல் டூட்டி காலை நேரத்தில் அமைந்தது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றும் ஆகவில்லை. கையைக் கழுவினாள். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனாள். பாண்டிமீனா கிடந்த கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அதன் மடிப்பை நீவிவிடக் கை வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஸ்டெல்லா தேடிக்கொண்டு போனபோது துணி அடுக்குகிற அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயில் மடித்த துணி ஒன்றை அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

“என்னக்கா? யாருக்கு என்ன?”

“பாண்டிமீனாவோட அம்மா சேலைய மடிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்கல்ல. நான்தானே போய்ச் சொன்னேன்? எப்படிடி சொன்னேன்?”

ஸ்டெல்லா அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தாள்.

“சொல்லுடி.”

“சாதாரணமாச் சொன்னீங்கக்கா. குழந்தை இல்ல, சேலை வேண்டாம், எடுத்து வைங்கன்னு.”

அன்று முழுக்க அவள் வேலையும் பார்த்தாள், அழவும் செய்தாள். டூட்டி முடிந்து கதவைத் தாண்டியதும் நின்றுபோயிற்று. கன்னம் ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பழைய கண்ணி சிஸ்டர் வார்டுக்குள் மெல்லத் திரும்பி வந்தாள். ஒருநாள் எல்லாம் சரியாக இருக்கிற ஒரு பெண்ணின் உதட்டு நிறம் அவளை உறுத்தியது. வசுந்தராவைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வசுந்தரா கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆனால் வந்தது அது மட்டுமில்லை. மனைவியைப் பார்க்க வந்த ஒருவன் விதியை மீறி போனை ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். ஜன்னலோரம் நின்று கலர் ஆடினான். அவனைக் கண்டிக்கப் போனவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். வட்டம் சுற்றியது. அவள் கட்டைவிரல் தானாக அசைந்தது. பச்சை, பச்சை என்று உதடு சொன்னது. ஸ்டெல்லா வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அதையும் அருள்தாஸிடம் மறைக்காமல் சொன்னாள்.

“ரெண்டும் ஒரே குழாய்ல வர்ற தண்ணி சிஸ்டர்,” என்றார். “ஒண்ணை மட்டும் அடைக்க எங்களுக்கு இன்னும் தெரியல.”

“அப்ப கதவு இருக்கட்டும் சார்,” என்றாள்.

காலாண்டு விடுமுறையில் ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே மறந்து வந்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு வதனி மருத்துவமனைக்கு வந்தாள். நர்ஸின் மகள் என்பதால் வார்டின் உள்தாழ்வாரம்வரை விட்டார்கள். அங்கே பார்வையாளர்களுக்கென்று ஒரு பெஞ்ச் கிடந்தது.

மகளைப் பார்த்ததும் அங்கயற்கண்ணி கிட்டத்தட்ட ஓடினாள்.

“தனியாவா வந்த? இந்த வெயில்ல? யார்கிட்ட சொல்லிட்டு வந்த? கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது பாரு. தண்ணி குடிச்சியாடி? முகம் ஏன் இப்படி வத்திப்போய்க் கெடக்கு, சாப்பிடுறியா இல்லையா நீ?”

வதனி பையை நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். உதடு கோணியது.

“என்னடி?”

“ஒண்ணுமில்ல. திட்டும்மா. இன்னும் கொஞ்சம் திட்டு.”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார வைத்து, தன் சாப்பாட்டில் பாதியை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சை வதனி எடுக்கவில்லை. அங்கயற்கண்ணிதான் எடுத்தாள். “நான் வராமப் போயிட்டேனே,” என்றாள். இந்தத் தடவை அது தகவலாக வெளியே வரவில்லை.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு கதவுவரை கூடப் போனாள். “ரோட்ட தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாக்கணும். அந்த மின்பஸ்ஸுங்க சத்தமே இல்லாம வருது, எனக்கு நெனச்சாலே…”

பேசிக்கொண்டே கதவுக்கு வெளியே கால் வைத்திருந்தாள்.

“…சரி, போ,” என்று கையை விட்டாள். திரும்பி உள்ளே நடந்தாள்.

உள்ளே சில அடி வைத்ததும் நெஞ்சை வந்து அடைத்தது. மகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருந்தாள். விறுவிறுவென்று வந்து கதவின் கண்ணாடியில் பார்த்தாள். வதனி போகவில்லை. மறுபக்கம் நின்று அதே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கதவைத் தள்ளி உள்ளே வந்து அம்மாவின் முகத்தையும் காதுக்குப் பின்னாலிருந்த வில்லையையும் உற்றுப் பார்த்தாள்.

“கதவா?” என்று கேட்டாள்.

“கதவுதான்.”

பள்ளி திறந்த பிறகும் வதனி வந்தாள். டியூஷன் இல்லாத மாலைகளில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கையொழிந்த போதெல்லாம் அங்கயற்கண்ணி வந்து ஐந்து நிமிடம் உட்காருவாள். வகுப்பில் யார் யாரோடு பேசவில்லை, கணக்கு டீச்சர் என்ன சொன்னார், அடுத்து என்ன ஆயிற்று என்று துருவித் துருவிக் கேட்பாள். ஒருநாள் ஸ்டெல்லா கிண்டலாக, “வீட்டுல பாக்காத அம்மாவா? இங்க வந்து தவம் கெடக்குற,” என்றாள். வதனி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆமாக்கா,” என்றாள்.

அங்கயற்கண்ணி கூடுதல் டூட்டி கேட்டு வாங்க ஆரம்பித்தாள். வீட்டில் அவள் இருக்கிற நேரம் குறைந்தது. திருமேனி ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். கதவுக்கு வெளியே அவள் அதைப் பற்றி நினைத்ததும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உள்தாழ்வாரத்துக்கு வந்தபோது பெஞ்சில் வதனி இல்லை. திருமேனி உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி, யாரையோ பார்க்க வந்தவன்போல முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.  அவளுக்கு அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இத்தனை நாளும் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, மொத்தமாக வந்து நின்றது.

“என்னங்க? வதனிக்கு ஏதாச்சும்…”

“அவ நல்லாத்தான் இருக்கா. அவதான் சொன்னா. அம்மாகிட்டப் பேசணும்னா இங்க போங்கப்பான்னு.”

அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

“உன்கிட்ட எனக்கு ஒரு சண்டை இருக்கு,” என்றான் திருமேனி. அடுத்த அறையில் கைக்குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அதனால் குரலை அடக்கி, கிட்டத்தட்ட ரகசியமாகச் சொன்னான். “அன்னைக்கே போட்டிருக்கணும். அதுக்குள்ள அதை ஒட்டி விட்டுட்டாங்க. செவத்துகிட்டயா சண்டை போட முடியும்? உள்ளேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“போடுங்க.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

அவள் குனிந்தாள்.

“முதல்ல தோத்தப்பவே சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன அடிச்சிருப்பேனா? பிள்ளை நகைய எடுத்துக்கிட்டுப் போறப்ப நான் இந்தாப் பக்கம் தூங்கிக்கிட்டு இருக்கேன். அந்த மேனேஜர் முன்னால என்னை உட்கார வச்சுட்டியே. கூட வேலை பாக்குறவங்க காசு. நான் அந்த ஆளு மூஞ்சியப் பாக்குறேன், அந்த ஆளு என் சட்டையப் பாக்குறான்.”

அடக்கிய குரலில் அவன் பேசப் பேச அவளுக்கு ஒவ்வொன்றும் பட்டது. எங்கே படவேண்டுமோ அங்கேயே பட்டது. கண்ணீர் சீருடையில் சொட்டியது. துடைக்கவில்லை. நியாயம் சொல்லவில்லை. இடையில் ஒரு கட்டிலிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

“பயமா இருந்துச்சுங்க,” என்றாள் கடைசியில். “நீங்க விட்டுட்டுப் போயிருவீங்களோன்னு. அடுத்த ஆட்டத்துல வந்துரும், வந்ததும் வச்சிடலாம், உங்களுக்குத் தெரியவே வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும்…”

“இப்பவும் பயமா இருக்கா?”

“இருக்கு.”

“நல்லது,” என்றான் திருமேனி. 

அடுத்த டூட்டிக்கான நர்ஸ்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லா கைப்பையை மாட்டிக்கொண்டு, “அக்கா, கிளம்பலையா?” என்று கேட்டுவிட்டு, இருவரையும் பார்த்ததும் நகர்ந்தாள். திருமேனி பழக்கத்தில் எழுந்தான்.

“சரி வா. நேரமாச்சு. மிச்சத்த வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

சொன்ன பிறகுதான் அவனுக்குச் சொன்னது என்னவென்று உறைத்தது. இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள்.

திருமேனி மறுபடி உட்கார்ந்தான்.